லடாக்கில் பத்து நாள்: 77 மி.மீ. போலரைசர் ஃபில்டர் பற்றி

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் நண்பகலில் அண்ணாந்து பார்த்தால், சமவெளியில் நாம் காணாத அடர்நீலத்தில் வானம் தெரியும். ஆகவே, வானத்தை நீலமாக்குவதற்காகவே போலரைசர் (லென்ஸின் முன்னே திருகி மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பளபளப்பையும் வானொளியையும் குறைக்கும் ஃபில்டர்) வாங்கி லடாக்குக்குப் புறப்படுபவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, அந்த வேலைக்கு அங்கே அது தேவையில்லை என்பதுதான். சூரியனுக்குச் செங்குத்தான திசையிலிருந்து வரும் வானொளியைத்தான் இந்த ஃபில்டர் மிகுதியாகத் தடுக்கிறது. காற்று மெலிந்து, தூசும் ஈரமும் குறைந்த அந்த உயரத்தில் வளையத்தை முழுதாகத் திருப்பினால் வானம் ஏறக்குறைய கறுத்தே போகிறது. நிக்கான் இசட் 24-120 லென்ஸை மிக அகலமான காட்சி கிடைக்கும் 24 மி.மீ. நிலையில் வைத்து நான் எடுத்த முதல் நாள் படங்களில், வானத்தின் ஒரு பக்கம் மட்டும் மை கொட்டியதுபோல இருண்டிருந்தது. கணினியில் எவ்வளவு முயன்றும் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

தண்ணீரருகே போனபோதுதான் இதன் அருமை எனக்குப் புரிந்தது. பாங்காங் ஏரிக்கரையில் அமர்ந்து, நீர்ப்பரப்போடு ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் கேமராவைப் பிடித்து வளையத்தை மெல்லத் திருப்பியபோது, மேலே படர்ந்திருந்த வெள்ளைப் பளபளப்பு விலகி, அடியில் கிடந்த கூழாங்கற்கள் சாம்பலும் துருநிறமுமாக ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. எதிரே இருக்கும் மலையின் பிம்பம் வேண்டுமென்றால் வளையத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்; நான் இரண்டு நிலையிலும் எடுத்து வைத்துக்கொண்டேன். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய வழியோரத்து ‘மணி’ச் சுவர்களிலும் இதே பயன் கிடைத்தது: வெயிலில் கூசிய கல்லின் மினுமினுப்பு அடங்கி, செதுக்கிய திபெத்திய எழுத்துகள் தெளிவாகப் பதிந்தன. ஓடும் வண்டியிலிருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பக்கவாட்டுக் கண்ணாடி வழியே எடுத்தால் அதன் பிரதிபலிப்பு குறையும் என்றாலும், பதப்படுத்திய கண்ணாடியாக இருப்பதால் புள்ளிபுள்ளியாகக் கறைகள் தென்படும். கண்ணாடியை இறக்கிவிட்டு எடுப்பதே நல்லது.

குறை என்றால், அது வளையத்தில்தான். நூப்ரா பள்ளத்தாக்கில், இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நடக்கும் ஹுண்டர் மணல்மேட்டில் ஒரு மாலை காற்று எழுந்தது. மாவுபோன்ற மணல் வளையத்துக்குள் புகுந்து, திருப்பும்போதெல்லாம் நறநறத்தது. அன்றிரவு ஃபில்டரைக் கழற்றப் பார்த்தால் மரை இறுகிக்கொண்டு அசையவேயில்லை. விளிம்பைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, அழுத்தாமல் திருகிய பிறகே கழன்றது. என்னுடையது அலுமினிய வளையம். இன்னொன்று வாங்கினால், எளிதில் இறுகாத பித்தளை வளையமாகத்தான் தேடுவேன். மென்தூரிகையும் காற்றடிக்கும் ரப்பர் குமிழும் பையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மனிதர்களைப் படமெடுக்கும்போது இதைக் கழற்றிவிடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தை இது விழுங்குவதால், திக்சே மடாலயத்தின் இருண்ட பிரார்த்தனைக் கூடத்தில் இதற்கு இடமே இல்லை. லே கடைத்தெரு நடைபாதையில் கீரையும் ஆப்ரிகாட்டும் பரப்பி அமர்ந்திருந்த ஒரு பாட்டியிடம் லடாக்கி மொழியில் ‘ஜூலே’ என்று வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டு, முதலில் ஃபில்டரோடு எடுத்தேன். கன்னத்து மெருகு போய், முகம் களையிழந்து பதிந்தது. கழற்றிவிட்டு எடுத்த அடுத்த படத்தில், வெயிலில் காய்ந்த அந்தத் தோலின் பளபளப்பும் கண்ணோரச் சுருக்கங்களும் நேரில் கண்டபடியே இருக்கின்றன.