நாய்ச்சண்டைக் கும்பலைத் தேடும் டி.என்.ஏ. வங்கி: ‘கெனைன் கோடிஸ்’ சேவை எப்படி?

நாய்ச்சண்டை வழக்கில் மாட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “வீட்டுக்கு வளர்க்கிற நாய் சார், அந்தத் தழும்பு தெருநாய் கடிச்சது.” இந்தப் பதிலை உடைக்க அமெரிக்கப் போலீஸுக்கு 2010 முதல் கிடைத்திருக்கும் சேவை கெனைன் கோடிஸ். மனிதக் குற்றவாளிகளுக்காக எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் கோடிஸ் என்ற டி.என்.ஏ. தரவுத்தளத்தைப் பார்த்து நாய்களுக்காக உருவாக்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உள்ள கால்நடை மரபியல் ஆய்வகம் இதை நடத்துகிறது. உருவாக்கத்தில் கைகொடுத்தவை ஏ.எஸ்.பி.சி.ஏ., மிசௌரி ஹ்யூமேன் சொசைட்டி, லூசியானா எஸ்.பி.சி.ஏ. ஆகிய விலங்குநல அமைப்புகள். நம் நாய் எந்த இனம் என்று பார்க்க உதவும் கடைச் சரக்கல்ல இது, விசாரணை அமைப்புகளுக்கானது.

2009 ஜூலை 8 அன்று மிசௌரியை மையமாக வைத்து 8 மாநிலங்களில் ஒரே நேரத்தில் ரெய்டு நடந்தது. 26 பேர் கைதானார்கள், 500க்கும் மேற்பட்ட நாய்கள் மீட்கப்பட்டன. அந்த நாய்களின் கன்னத்தில் எடுத்த மாதிரிகள்தான் இந்த வங்கியின் முதல் இருப்பு.

சேவையின் உண்மையான பலம் உறவுமுறையைக் காட்டுவதில் இருக்கிறது. இந்தத் தொழிலில் காசு பந்தயத்தில் மட்டும் புரளவில்லை. மூன்று சண்டை ஜெயித்த நாயை ‘சாம்பியன்’ என்றும், தோற்காமல் ஐந்து ஜெயித்ததை ‘கிராண்ட் சாம்பியன்’ என்றும் அழைக்கிறார்கள். அதன் குட்டிக்கும், இனச்சேர்க்கைக்கும் தனி விலை. ஒரு மாநிலத்தில் பிடிபட்ட குட்டிக்கு இன்னொரு மாநிலத்துக் கொட்டிலில் இருக்கும் நாய்தான் அப்பன் என்று ஆய்வகம் சொல்லிவிட்டால், ஒருவரையொருவர் தெரியாது என்று சாதித்த இரண்டு பேரையும் இணைக்கும் கோடு விழுகிறது. சண்டைக்காக நாய்களை மாநிலம் தாண்டிக் கொண்டுபோவதை 2007ஆம் ஆண்டுச் சட்டம் கடுங்குற்றமாக்கியது. அந்த வழக்கில் இந்தக் கோடு பெரிய சாட்சி. சண்டைக் களத்துப் பலகையில் உள்ள ரத்தம் எந்த நாயுடையது என்று சொல்வது அடுத்த உபயோகம்.

ஆய்வகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாதிரி கெட்டால் எல்லாம் வீண். கெடுவதும் பெரும்பாலும் களத்தில்தான். சண்டை முடிந்த சூட்டோடு பிடித்த நாயின் வாயில் எதிராளி நாயின் ரத்தம் இருக்கும். அப்போதே பஞ்சுக்குச்சியை விட்டால் இரண்டு நாய்களின் டி.என்.ஏ. கலந்து வரும். அப்படிப்பட்ட நாய்க்குக் கால்நடை மருத்துவர் ரத்தமே எடுத்துவிடுவது நல்லது. பால்குடிக் குட்டியின் வாயில் தாயின் செல்கள் ஒட்டியிருக்கும். தாயிடமிருந்து பிரித்து, கொஞ்ச நேரம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரே தட்டில் தின்ற நாய்களுக்கும் இதே கதி.

குச்சியைக் கன்னத்தின் உட்புறத்துக்கும் ஈறுக்கும் நடுவே அழுத்தி உருட்ட வேண்டும். எச்சிலை மட்டும் தொட்டுக்கொண்டு வந்தால் போதாது. கன்னத்துச் செல்கள் உரிந்து வர வேண்டும். நாய்க்கு இரண்டு குச்சி, நாய்க்கு நாய் புதுக் கையுறை. காற்றில் நன்றாக உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். உறை எண்ணும் நாயின் கழுத்துப் பட்டை எண்ணும் ஒரே புகைப்படத்தில் தெரியட்டும். இல்லாவிட்டால் நூறு நாய்கள் உள்ள இடத்தில் எந்த உறை எந்த நாய்க்கு என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது பதில் இருக்காது.

களத்தில் கால் வழுக்காமலிருக்க விரித்த கம்பளம் கிடைத்தால் கறையுள்ள இடத்தை வெட்டியே எடுங்கள். பலகையில் காய்ந்த ரத்தத்தைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த குச்சியால் எடுக்கலாம். கறையில்லாத இடத்திலும் ஒப்பீட்டுக்கு ஒன்று எடுக்க மறக்காதீர்கள்.

குறைகளுக்கு வருவோம். சண்டை வம்சங்களில் அப்பனையும் மகளையும் சேர்க்கும் அளவுக்கு உள்ளினச் சேர்க்கை நடக்கிறது. அதனால் சொந்தமில்லாத நாய்கள்கூட நெருங்கியவை போலத் தெரியும், தாயோ தந்தையோ மட்டும் ஒன்றான பாதிச் சகோதரன் முழுச் சகோதரன் போல வரும். ‘உறவு உண்டு’ என்ற வார்த்தையை மட்டும் வாங்கி வராமல், அதற்கான நிகழ்தகவு எண்ணையும் அரசுத் தரப்பு கேட்டு வாங்க வேண்டும். அடுத்த குறை, வங்கியில் இல்லாத நாய்க்குப் பொருத்தமும் இல்லை என்பது. சிறிய ஊர்ப் போலீஸ் நாலைந்து நாய்களைப் பிடித்துவிட்டு மாதிரி அனுப்பாமல் விட்டால் இழப்பு அடுத்த வழக்குக்கு.

முக்கியமாக, நாய் சண்டை போட்டது என்பதை இந்த அறிக்கை நிரூபிக்காது. அதற்கு முகத்திலும் முன்னங்காலிலும் உள்ள காயங்களைக் கால்நடை மருத்துவர் நாயின் உடல் வரைபடத்தில் குறித்துத் தர வேண்டும். ட்ரெட்மில், தராசு, வாயைப் பிரிக்கும் கட்டை, ஸ்டீராய்டு குப்பிகள், வீட்டிலேயே தையல் போட வைத்திருக்கும் ஸ்டேப்ளர் எல்லாம் சாட்சியாகக் கிடைக்க வேண்டும். பணம் கட்டி வேடிக்கை பார்க்கிறவனை இது தொடவே தொடாது. 2014 முதல் கூட்டாட்சிச் சட்டப்படி வேடிக்கை பார்ப்பதும் குற்றம், 16 வயதுக்குக் கீழுள்ளவர்களை அழைத்துவந்தால் தண்டனை இன்னும் அதிகம். அங்கே உதவுவது கைபேசிப் பதிவுகள்தான்.

இந்தியாவுக்கு இப்படி ஒன்று வருமா என்று கேட்பவர்கள் முதலில் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படிக்கலாம். விலங்குகளை மோதவிட்டால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். மாதிரி அனுப்பும் தபால் செலவே அதைத் தாண்டும்.

காப்பகங்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘சாம்பியன் வம்சம்’ என்று அறிக்கை சொன்னால் அதை நாயின் குணத்துக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007இல் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ வீரர் மைக்கேல் விக்கின் வர்ஜீனியா பண்ணையிலிருந்து மீட்ட நாய்களைக் கொன்றுவிட வேண்டும் என்று பெரிய விலங்குநல அமைப்புகளே சொன்னன. நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாக மதிப்பிடச் சொன்னது. பராமரிப்புக்கு விக்கிடமிருந்து சுமார் 9,28,000 டாலர் வாங்கப்பட்டது. யூட்டாவின் கனாப் ஊரிலுள்ள பெஸ்ட் ஃபிரண்ட்ஸ் காப்பகத்துக்குப் போன 22 நாய்களில் பல பின்னர் வீடுகளுக்குத் தத்துப்போயின. மாதிரி எடுத்த உறையை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நாயைப் பழக்கத் தெரிந்தவரிடம் அனுப்புங்கள்.