நாலு ஆர்ச்சரா, நாலு குதிரையா? சிவிலைசேஷன் 6-இல் என் படைக் கணக்கு

மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணத்திலிருந்து மாமா பையன் தருமபுரிக்கு வந்தால் ராத்திரி முழுக்க சிவிலைசேஷன் 6தான், நகரம் கட்டிப் படை நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டு. அவன் குதிரைக் கட்சி, நான் வில் கட்சி. ரெண்டு வருஷம் நானும் குதிரையோடு ஆடிப் பார்த்துவிட்டுத்தான் மாறினேன், அதனால் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்றால் ஆமாம், ஒருபக்கம்தான்.

குதிரையின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹார்ஸ்மேனுக்கு (குதிரைப் படை) வலு 36, ஒரு டர்னில் 4 கட்டம் ஓடும், எதிரி பக்கத்தில் நின்று மறித்தாலும் நிற்காமல் தாண்டிப் போகும். நகரத்தைச் சுற்றி வளைக்க அதைவிட நல்ல படை அந்தக் காலகட்டத்தில் இல்லை. வாள்வீரனும் சுவரை இடிக்கும் பேட்டரிங் ராமும் இன்னொரு வழி, ஆனால் இரும்பு கிடைக்காத மேப்பில் வாள்வீரனே இல்லை.

நான் மாறியதற்குக் காரணம் மெயின்டனன்ஸ், அதாவது படையை வைத்திருக்க டர்னுக்கு டர்ன் ஆகும் செலவு. ஆர்ச்சர் (வில்வீரன்) ஒன்றுக்கு டர்னுக்கு 1 கோல்டு, ஹார்ஸ்மேனுக்கு 2. ஒரு கோல்டுதானே என்று தோன்றும். நாலு நாலாக வைத்துப் பாருங்கள்: செய்வதற்கு ஆர்ச்சருக்கு 240 புரொடக்‌ஷன் (நகரத்தின் உற்பத்தி), குதிரைக்கு 320; பராமரிக்க டர்னுக்கு ஆர்ச்சருக்கு 4 கோல்டு, குதிரைக்கு 8 கோல்டு. அப்புறம் கன்ஸ்கிரிப்ஷன் என்ற அரசுக் கொள்கைக் கார்டைப் போட்டால் ஒவ்வொரு படைக்கும் 1 கோல்டு குறையும். ஆர்ச்சர்களுக்குச் செலவே இருக்காது, குதிரைகள் அப்போதும் 4 கோல்டு தின்றுகொண்டிருக்கும். இரண்டே நகரம் இருக்கும் நேரத்தில் டர்னுக்கு 4 கோல்டு என்பது சின்னக் காசு இல்லை. ஒருமுறை சண்டை இழுத்துக்கொண்டே போய் கஜானா வற்றி, நன்றாக இருந்த இரண்டு குதிரைப் படையை நானே கலைத்தேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. குதிரை அடித்தால் திருப்பி அடி வாங்கும். பாதி ரத்தத்தில் பின்வாங்கி மூன்று நாலு டர்ன் படுத்திருக்கும், அந்த டர்ன்களுக்கும் கோல்டு போகும். ஆர்ச்சர் இரண்டு கட்டம் தள்ளி நின்று அடிப்பதால் அந்த அடி விழாது. ஆட்டத் தொடக்கத்தில் கிடைக்கும் வாரியரைக் (காலாள் வீரன்) குன்றின் மேல் நிறுத்தி, நகராமல் தற்காத்து நிற்க ஃபோர்டிஃபை கொடுத்து, நாலு ஆர்ச்சரையும் அவனுக்குப் பின்னால் வையுங்கள். போன ஆட்டத்தில் மாமா பையனின் இரண்டு குதிரைகள் அந்தக் குன்றில் மோதி, ஒன்று கூட திரும்பவில்லை. "மச்சான், கீழே இறங்கி வாடா" என்று கத்தினான். நான் இறங்கவில்லை.

ஆர்ச்சருக்கும் ஓட்டை உண்டு. கைகலப்பில் வலு 15தான், முன்னால் ஆள் இல்லாவிட்டால் ஒரே டர்னில் போய்விடும். நகரத்துக்குச் சுவர் எழுந்துவிட்டால் அம்பு வெறும் கீறல். ஆனால் சுவர் முன்னால் குதிரையும் நொண்டிதான், குதிரைக்கு ராம் உதவாது. என் வாரியருக்கு உதவும். தகடூர் (இன்றைய தருமபுரி) கோட்டையைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்த கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்குச் சுவரின் அருமை தெரியும், அதனால் எதிரி சுவர் கட்டுவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன்.

கொள்ளையடித்தே குதிரைச் செலவை ஈடுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாமா பையன் அதில் கெட்டிக்காரன், நான் அப்படி அதிகம் ஆடியதில்லை, அங்கே கணக்கு மாறலாம். நான் ஆடுவதும் கஷ்ட அளவில் கிங் லெவல் வரைதான். பின்னால் ஆர்ச்சரை அடுத்த படையான கிராஸ்போவுக்கு மாற்றினால் ஆளுக்கு 3 கோல்டு ஆகிவிடும், அதனால் நாலையும் மாற்றாமல், சண்டை அனுபவத்தில் கிடைக்கும் புரமோஷன் அதிகமுள்ள இரண்டை மட்டும் மாற்றுகிறேன், மற்ற இரண்டும் எல்லை நகரத்துக்குள் காவலுக்கு.