ரிச்சாக ஓடும் எம்.ஜி.பி.: எஸ்.யு.வைச் சீர்செய்வதா, வெபருக்கு மாறுவதா?

சைலன்சரில் கறுப்புப் புகை, காருக்குப் பின்னால் நின்றால் கண்ணைக் கரிக்கும் பெட்ரோல் நெடி, பிளக்கைக் கழற்றினால் முனையில் காய்ந்த கரி. எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மிக்ஸ்சர் ‘ரிச்’, அதாவது காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் கூடுதல் (குறைந்தால் ‘லீன்’). அப்போது இரண்டு யோசனைகள் காதில் விழும். இருக்கிற இரட்டை எஸ்.யு. எச்.எஸ்.4 கார்பரேட்டர்களையே (காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) சீர்செய்யலாம் என்பது ஒன்று. இரண்டையும் கழற்றிவிட்டு வெபர் 32/36 டி.ஜி.வி. கார்பரேட்டர் ஒன்றைப் பூட்டலாம் என்பது மற்றொன்று. எஸ்.யு.வின் பாடி உடையாமல் இருந்தால் அதைச் சீர்செய்வதே சரி என்பது எங்கள் முடிவு. ஏன் என்று கீழே அலசுகிறோம்.

1962 முதல் 1980 வரை வந்த இந்த வண்டியின் 1798 சிசி இன்ஜின் பி.எம்.சி.யின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ். நம் அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். எனவே எஸ்.யு. பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி எஸ்.யு. பூட்டிய அம்பாசடருக்கும் பொருந்தும்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன் டேப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி, குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம்), இக்னிஷன் டைமிங், ஏர் ஃபில்டர், ஃபியூயல் பம்ப் அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். எஸ்.யு.வுக்கு 2.5 முதல் 3 பி.எஸ்.ஐ. போதும். வெளிச் சந்தையில் வாங்கிய எலெக்ட்ரிக் பம்ப் 5, 6 பி.எஸ்.ஐ. தள்ளினால் கார்பரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் வால்வு அதைத் தாங்காது. பெட்ரோல் ஓவர்ஃப்ளோ குழாயில் வழியும், இல்லாவிட்டால் ஜெட் வழியாக உள்ளே ஏறும். இந்தக் கோளாறை வைத்துக்கொண்டு வெபர் பூட்டினால் வெபரும் ரிச்சாகத்தான் ஓடும். அதற்கும் உகந்த அழுத்தம் 2.5 முதல் 3.5 வரைதான்.

எஸ்.யு.: ஒரு ஜெட், ஒரு நீடில்

எஸ்.யு.வில் ஐட்லிங்குக்கும் முழு வேகத்துக்கும் பெட்ரோல் தருவது ஒரே ஜெட்தான். கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் (இன்ஜின் பிஸ்டன் அல்ல) ஏற ஏற, கூம்பு போன்ற நீடில் ஜெட்டிலிருந்து வெளியே வந்து வழியைப் பெரிதாக்கும். அடியில் உள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றினால் லீன், கீழே இறக்கினால் ரிச். பிரிட்ஜுக்கு (காற்றுப் பாதையில் ஜெட் துளை இருக்கும் மேடு) சமமாக ஜெட் நிற்கும் இடத்திலிருந்து நட்டின் 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குவது தொடக்க நிலை. அங்கிருந்து ஒவ்வொரு பட்டையாகத் திருத்த வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், இரண்டு கார்பரேட்டரும் சம அளவு காற்று இழுக்கும்படி சின்க் செய்திருக்க வேண்டும்.

சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம், பிஸ்டனை அடியிலிருந்து தூக்கும் லிஃப்டிங் பின் இருக்கிறது. பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். சுழற்சி கூடி, கூடிய இடத்திலேயே நின்றால் ரிச். இன்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் லீன். லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு இறங்கினால் சரி. அதிகம் தூக்கிவிட்டால் எந்த மிக்ஸ்சரும் லீன் போலவே தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

நட்டை முழுக்க மேலே ஏற்றியும் ரிச் குறையவில்லை என்றால் அது அட்ஜஸ்ட்மென்ட்டில் தீராது. ஜெட் துளை 0.090 அங்குலம், நீடிலின் பருத்த பகுதி 0.089. எஞ்சும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஜெட் நடுவில் உட்காராமல் நீடில் ஒரு பக்கமாக உரசிக்கொண்டே இருந்தால், துளை முட்டை வடிவமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தேய்மானமே ஐட்லிங்கில் ஓடும் பெட்ரோலைக் கூட்டிவிடும். டார்ச் அடித்து நீடிலைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று கோடு இருந்தால் ஜெட்டும் நீடிலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது நீடிலின் தோள் பிஸ்டனின் அடிப்பரப்புக்குச் சமமாக நிற்கட்டும். உள்ளே ஏறி உட்கார்ந்தால் மறுபடியும் ரிச். பழைய வகை அசையாத நீடிலுக்கு ஜெட்டை சென்டர் செய்வது கட்டாயம்: ஜெட்டின் லாக் நட்டைத் தளர்த்தி, ஜெட்டை முழுக்க ஏற்றி, பிஸ்டனை விடுங்கள். பிரிட்ஜில் ‘டக்’ என்று விழும் சத்தம் கேட்ட பிறகு இறுக்குங்கள். ஸ்பிரிங் வைத்துச் சாய்ந்திருக்கும் பிற்கால நீடிலுக்கு இந்த வேலை இல்லை.

ஃப்ளோட் லெவல் அடுத்தது. மூடியைத் தலைகீழாகப் பிடித்து, லீவருக்கு அடியில் 1/8 முதல் 3/16 அங்குலம் தடிமனுள்ள கம்பியை நுழைத்துப் பார்க்கலாம். சோக் கேபிளை உள்ளே தள்ளிய பிறகும் ஜெட் முழுக்க மேலே திரும்பவில்லையா என்பதை விரலால் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் இன்ஜின் சத்தம் மாறினால் கோளாறு சோக் லிங்கேஜில். பிஸ்டனின் ஏற்றத்தைத் தணிக்கும் டாஷ்பாட்டில் 20 கிரேடு ஆயில் போதும். கெட்டியான ஆயில் ஊற்றினால் பிஸ்டன் மெதுவாக ஏறும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் புகை வருவதற்கு அது காரணமாகலாம்.

இனி, பெரும்பாலானோர் தவறவிடும் ஒன்று. த்ராட்டில் தட்டைத் தாங்கும் ஸ்பிண்டில் தேய்ந்தால் அந்த இடுக்கில் காற்று புகுந்து ஐட்லிங் லீனாகும், தடுமாறும். மெக்கானிக் அதைச் சமாளிக்க நட்டை இறக்குவார். ஐட்லிங் அடங்கிவிடும். ஆனால் ஓட்டத்தில் அந்தக் காற்றுக் கசிவு பொருட்டே இல்லை, இறக்கிய ஜெட்டோ அப்படியே நிற்கும். விளைவு, 80 கி.மீ. வேகத்தில் கறுப்புப் புகை. ஐட்லிங்கில் ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் கார்பரேட்டர் கிளீனரை அடியுங்கள். சுழற்சி மாறினால் கசிவு உறுதி. பாடியைத் துளையிட்டு பித்தளை புஷ் போட்டு ரீமர் விட வேண்டும். இது லேத் பட்டறை வேலை, எஸ்.யு. வழியில் உண்மையான செலவு இதுதான்.

1970களின் தொடக்கத்தில் வந்த எஸ்.யு.வின் எச்.ஐ.எஃப்.4-இல் ஃப்ளோட் அடியிலேயே இருக்கும், மிக்ஸ்சர் திருகு பக்கவாட்டில். அங்கே ரிச்சுக்கு வழக்கமான காரணம் கோல்ட் ஸ்டார்ட் வால்வின் ஓ-ரிங் இற்றுப்போவது. மலிவான ரப்பர் வளையம், அதைப் பார்க்காமல் கார்பரேட்டரையே தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

வெபர் 32/36: எதைத் தருகிறது, எதைக் கேட்கிறது

ஒரே கார்பரேட்டர் என்பதால் சின்க் வேலை இல்லை. ஸ்பிண்டில் புதிது, உதிரி ஜெட்டுகள் எளிதில் கிடைக்கும். 1975 மாடலிலிருந்து அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் இருந்த ஒற்றை ஜெனித்-ஸ்ட்ரோம்பெர்க்கின் ஆட்டோமேட்டிக் சோக் சிக்கி ரிச்சாக ஓடுவது தெரிந்த கதை. அந்த வண்டிக்கு வெபர் நியாயமான மாற்று என்பதை மறுக்க மாட்டோம்.

இரட்டை எஸ்.யு. வண்டியில் நிலைமை வேறு. பி சீரிஸ் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இன்டேக் போர்ட் இரண்டே. ஒவ்வொன்றுக்கும் ஒரு எஸ்.யு. பக்கத்திலேயே நிற்கிறது. வெபரில் மெதுவான ஓட்டத்தில் 32 மி.மீ. பேரல் ஒன்று மட்டுமே நான்குக்கும் ஊட்ட வேண்டும். மேனிஃபோல்டும் புதிது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் பொதுவான ஸ்டட்டுகள் பிடிப்பதால், ஃபிளாஞ்ச் தடிமன் ஒத்துப்போகாவிட்டால் வாஷர் சாய்ந்து உட்காரும். ஒரு பக்கம் காற்று கசியும். இன்ஜின் அடிப்பகுதியின் வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் எஸ்.யு. பாடியில் செருகியிருந்த வண்டியில் அதற்கும் புது வழி தேட வேண்டும்.

ட்யூன் செய்வது இப்படி: ஐட்லிங் ஸ்பீட் திருகு லீவரைத் தொட்ட பின் அரைச் சுற்று, மிக்ஸ்சர் திருகு உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு சுற்று வெளியே. இன்ஜின் சூடானதும் மிக்ஸ்சரை உள்ளே திருகி, தடுமாறத் தொடங்கும் இடத்திலிருந்து அது சீராகும் வரை மட்டும் வெளியே எடுங்கள். ஒன்றரைச் சுற்றுக்குள்ளேயே நன்றாக ஓடினால் ஐடில் ஜெட் பெரிது. 60 இருந்தால் 55 போடுங்கள். ஸ்பீட் திருகு ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தொடங்கும்போது பெட்ரோல் தரும் ப்ரொக்ரெஷன் துளைகள் திறந்துவிடும், அப்புறம் மிக்ஸ்சர் திருகுக்கு இன்ஜின் கட்டுப்படாது. ஓட்டத்தில் மட்டும் ரிச் என்றால் மெயின் ஜெட்டை 5 எண் குறையுங்கள் (140 என்றால் 1.40 மி.மீ.). எலெக்ட்ரிக் சோக் உள்ள டி.ஜி.இ.வி.யில் சோக்குக்கு இக்னிஷனிலிருந்து முழு 12 வோல்ட் வராவிட்டால் தட்டு திறக்காது. புதிதாகப் பூட்டியும் ரிச் என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வயர்தான்.

வெபரின் மற்றொரு கார்பரேட்டரான 45 டி.சி.ஓ.இ. பந்தய இன்ஜினுக்கு உரியது. ரிச் மிக்ஸ்சரைத் தீர்க்க அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

எந்த வழியில் போனாலும், எக்ஸாஸ்ட் டவுன்பைப்பில் மிக்ஸ்சரை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் ஒன்றைப் பொருத்திவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் 14.7 என்ற காற்று-பெட்ரோல் விகிதம் ஏமாற்றும், லாம்ப்டா அளவில் (1.0 என்றால் சரியான கலவை, குறைந்தால் ரிச்) படியுங்கள். சீரான ஓட்டத்தில் 1.0-ஐ ஒட்டியும், முழு ஆக்சிலரேட்டரில் 0.85 முதல் 0.88 வரையும் இருக்கட்டும். ரிச்சாக நெடுநாள் ஓடிய இன்ஜினில் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால், ட்யூன் முடிந்த அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.