மலைநாட்டு வீட்டுக்குப் பழைய ஆபீஸ் புரொஜெக்டரா, புது ஸ்மார்ட் புரொஜெக்டரா?

டிக்கோயாவில் எங்கள் முன் காம்பரா 12 அடி நீளம். ஒரு பக்கம் அலுமாரி, மறுபக்கம் சுவர். அதற்குள் படம் பார்க்கப் பெரிய திரை வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்ததில்தான் இந்த ஆராய்ச்சியே தொடங்கியது. நுவரெலியாவில் இருக்கும் மச்சான் அதற்கு ஒரு வருடம் முன்பே கொழும்பில் பழைய ஆபீஸ் புரொஜெக்டர் ஒன்றை வாங்கி, டிவி ஸ்டிக் (இணையத்தில் படம் காட்டும் சின்னச் சாதனம்) செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதையே வாங்கு, முப்பதாயிரம் மிச்சம்" என்றார். நான் கேட்கவில்லை. எல்ஈடி விளக்கும் கூகுள் டிவியும் உள்ளேயே இருக்கிற, ஒளிப்பகுதி தூசு புகாதபடி மூடி அடைக்கப்பட்ட ஸ்மார்ட் புரொஜெக்டரை வாங்கினேன். 14 மாதம் ஆகிறது. இரண்டு வீட்டிலும் போதுமான அளவு படம் பார்த்தாயிற்று.

வெளிச்சத்தில் மச்சானுடையதுதான் வெல்லும், அதில் பேச்சே இல்லை. அது 3000 லுமென், என்னுடையது 400 ஆன்சி லுமென், அதாவது தரமுறைப்படி அளந்த வெளிச்சம். பகலில் திரைச்சீலையை மூடினாலும் என் படம் வெளிறித்தான் தெரியும். ஒன்று மட்டும் கவனியுங்கள். மலிவுப் பெட்டிகளின் அட்டையில் 9000 லுமென் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பவேண்டாம். ஆன்சி எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் அதுவே பதில்.

படத் தெளிவில் நிலைமை தலைகீழ். பழைய ஆபீஸ் பெட்டிகளில் பல 1024க்கு 768 புள்ளிகள்தான். சினிமா போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து 576 வரிதான் மிஞ்சும். என்னுடையது 1920க்கு 1080. தமிழ் எழுத்தோட்டம் வரும்போது வித்தியாசம் கண்ணில் அடிக்கும். தூரத்தையும் பாருங்கள். 80 அங்குலப் படத்துக்கு என்னுடையதை ஏழரை அடியில் வைத்தால் போதும். மச்சானுடையதற்கு அதே அகலம் வர 9 அடி வேண்டும். தோட்டத்து லயத்துக் காம்பராவில் அந்த ஒன்றரை அடி பெரிய விஷயம், நாற்காலி போடும் இடமே அதுதான்.

இனி என்னை முடிவெடுக்க வைத்த காரணத்துக்கு வருகிறேன். ஈரம்.

மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை எங்கள் பக்கம் துணி காயாது. பெல்ட்டில் பூஞ்சணம், பழைய கமெரா லென்ஸில் பூஞ்சணம். பனிமூட்டம் இஸ்தோப்பு வரை வந்துவிட்டுப் போகும். மச்சானுடையது போன்ற ஆபீஸ் புரொஜெக்டர் வெளிக்காற்றை இழுத்து, உள்ளே படத்தை உருவாக்கும் எல்சிடி தகடுகளின் மேலேயே ஊதித்தான் சூட்டைத் தணிக்கிறது. ஏசி போட்ட கூட்ட அறைக்கு அது சரி. இங்கே அந்தக் காற்றோடு விறகுப் புகையும் தூசும் ஈரமும் சேர்ந்து உள்ளே போகின்றன.

போன ஓகஸ்டில் மச்சான் வீட்டில் படம் பார்த்தபோது, இருட்டுக் காட்சி வந்தால் திரையின் வலது மூலையில் பச்சையாக ஒரு வட்டம் தெரிந்தது. ஒரு ரூபாக் குற்றியை நனைத்து வைத்தமாதிரி ஓரம் கலங்கிய வட்டம். லென்ஸைத் துடைத்தோம், போகவில்லை. ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பினேன். படம் மங்க மங்க அந்த வட்டம் கூர்மையாகி, கடைசியில் சின்ன நூல்துண்டு போலத் தெரிந்தது. தூசு லென்ஸில் இல்லை, உள்ளே தகட்டில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மூன்று தகடு உள்ள புரொஜெக்டரில் பச்சைக்கான தகட்டில் விழுந்தது பச்சையாகவும் சிவப்புக்கானதில் விழுந்தது சிவப்பாகவும் தெரியும். பழையதை வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மச்சானுக்கு விற்ற கடையில் வெள்ளைத் திரையை மட்டும்தான் காட்டினார்களாம்.

அவர் மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றித் தட்டுகிறார். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆபீஸ் புரொஜெக்டர்கள் பலவற்றின் கையேட்டில் 1,500 மீற்றருக்கு மேல் உயரமான இடங்களுக்கான முறையைப் போடச் சொல்லியிருக்கும். காற்று மெலிதாக இருப்பதால் விசிறி வேகமாகச் சுற்றினால்தான் சூடு இறங்கும். போட்டுவிட்டால் பேச்சு வசனத்துக்கு நடுவே விசிறி இரையும். எங்கள் பக்கம் அந்த உயரம் இல்லை, என்னுடையதில் அப்படி ஒரு முறையும் இல்லை. நுவரெலியாவில் இதுபோன்ற சின்னப் பெட்டி எப்படித் தாங்கும் என்பதை நான் வைத்துப் பார்த்ததில்லை.

அடுத்தது கரண்ட். காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் சட்டென்று போகும். ஆபீஸ் புரொஜெக்டரின் பாதரச பல்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது விசிறியும் சேர்ந்து நின்றால் பல்பின் ஆயுள் குறையும். அந்த பல்பே 4000, 5000 மணித்தியாலத்துக்குத்தான், மாற்றுவதென்றால் கொழும்புக்குச் சொல்லி எடுக்கவேண்டும். எல்ஈடிக்கு அந்தக் கவலை இல்லை. அட்டையில் 20,000 மணித்தியாலம் என்றிருக்கிறது. நான் ஓட்டியது 600 சொச்சம்தான், எனவே அந்தக் கணக்குக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

மூடிய ஒளிப்பகுதிக்கும் ஒரு குறை உண்டு. தப்பித் தவறி உள்ளே ஏதும் போனால் வீட்டில் திறந்து துடைக்க வழியில்லை. இந்த மழைக்காலம் முழுக்க ஒரு புள்ளியும் விழவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனாலும் பார்த்து முடித்ததும் சூடு ஆறவிட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். குளிரிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் மேசையில் வைத்த பிறகுதான் போடுவேன்.

சத்தத்தில் இரண்டுமே தோல்வி. தகரக்கூரையில் மழை இறங்கினால் 5 வோட் ஸ்பீக்கர் இரண்டு இருந்தும் என்ன பயன்? வயர் போட்டுப் பழைய செட்டில் இணைத்துவிட்டேன். புளூடூத்தில் போட்டால் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

அப்புறம் மென்பொருள். ஸ்மார்ட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை. கூகுளின் அனுமதி பெறாத ஆண்ட்ராய்டு போட்ட பெட்டிகளில் நெட்ஃபிளிக்ஸ் ஒன்றில் வராது, அல்லது ஃபோனுக்கான செயலியை ஏற்றி, ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்திப் பார்க்கவேண்டும். படத்தைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்கவிடாமல் காக்கும் வைட்வைன் பாதுகாப்பு மேல்நிலையில் இல்லாவிட்டால் 480 வரிக்கு மேல் தெளிவும் தராது, 1080 தகடு இருந்தும் வீண். கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அம்புக்குறி வந்தால் வேண்டாம்.

என்னுடையதில் நெட்ஃபிளிக்ஸ் சரியாகவே வருகிறது. ஆனால் மெனு இப்போதே கொஞ்சம் இழுக்கிறது, யூடியூப் திறக்கப் பத்து எண்ணலாம். இந்த இடத்தில் மச்சான் சொல்வது நியாயம்தான், ஸ்டிக் பழசானால் ஸ்டிக்கை மட்டும் மாற்றலாம். ஆனால் எனதிலும் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே. போன மாதம் அவருடைய ஸ்டிக்கை இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தேன், மெனு ஓடியது ஓட்டம். தீபாவளிக்கு அப்படி ஒன்று வாங்குவதாக இருக்கிறேன். மச்சானின் பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொன்று, சின்னதாக, சிவப்பு.