ஈயக் குழாய் மாற்றம்: நியூவார்க் முடித்தது, சிகாகோ 2076 என்கிறது

தெருவில் போகும் மெயின் பைப்பிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாய் ஈயமாக இருந்தால், அந்த நஞ்சு குடிநீரில் கலக்கும். அதுதான் பிரச்சினை. குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு காசால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் போதும். வெள்ளி மாதிரிப் பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் ஈயம். அமெரிக்காவில் இந்த இணைப்புகள் அதிகம் இருப்பது சிகாகோவில், சுமார் 4 லட்சம். 1986-ல் நாடு தடை செய்யும்வரை ஈயம்தான் போட வேண்டும் என்று அந்நகரச் சட்டமே சொன்னது.

நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இருந்தவை சுமார் 23,000. 2019-ல் தொடங்கியபோது எட்டுப் பத்து வருஷம் ஆகும் என்றார்கள். நியூவார்க் இருக்கும் மாவட்டமான எசெக்ஸ் கவுன்டி 12 கோடி டாலர் கடன் பத்திரத்தோடு கைகொடுத்தது. மூன்றே ஆண்டில் அநேகமாக எல்லாம் மாறிவிட்டது. என் கணக்கில் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அங்கே பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். வீட்டு ஓனர் எந்த ஊரிலோ இருப்பார். அவர் அனுமதிக்குக் காத்திராமல் வேலை செய்யலாம் என்று நகரம் சட்டம் போட்டது. வீட்டுக்காரருக்கும் செலவில்லை. ஆட்கள் தெருத் தெருவாகத் தோண்டி முடித்தார்கள்.

சிகாகோ 2020-ல் அறிவித்த திட்டத்தில், சொந்த வீட்டில் குடியிருக்கும் குறைந்த வருமானக்காரர் விண்ணப்பித்தால் இலவசம். வாடகைக்காரர் என்ன செய்வார்? 2023-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை 33.6 கோடி டாலர் கடன் கொடுத்தது. அது அதிகபட்சம் 30,000 இணைப்புகளுக்குத்தான். இல்லினாய் மாநிலச் சட்டம் 50 ஆண்டு அவகாசம் தருகிறது. 2024-ல் வந்த மத்திய விதி பெரும்பாலான ஊர்களுக்குப் பத்தாண்டும், சிகாகோவுக்குச் சுமார் இருபதும் கொடுத்தது. நகரம் போட்டிருக்கும் திட்டமோ 2076 வரை போகிறது.

அளவு வேறு என்பது நியாயமான வாதம்தான். ஆனால் நியூவார்க் ஆண்டுக்குச் சுமார் 8,000 குழாய் மாற்றியது. சிகாகோவின் 50 ஆண்டுத் திட்டத்துக்கும் அதே 8,000 போதும். மக்கள்தொகையில் எட்டு ஒன்பது மடங்கு பெரிய நகரம் அந்த வேகத்தோடு நின்றுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விஸ்கான்சினின் மேடிசன் 2001-லேயே தொடங்கி, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் சுமார் 8,000 குழாய்களை மாற்றியது. வீட்டுக்காரர் பங்கில் பாதியை, 1,000 டாலர் வரை, நகரம் திருப்பிக் கொடுத்தது. அதற்குத் தண்ணீர்க் கட்டணத்தைத் தொட அனுமதி இல்லை. தண்ணீர்த் தொட்டிகள் மேல் செல்போன் ஆன்டெனா வைக்க இடம் விட்டு, அந்த வாடகையில் கொடுத்தார்கள். சிகாகோ அடுத்த கடனுக்குக் கை நீட்டும் முன், ஓனர் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம் என்ற நியூவார்க்கின் சட்டத்தை முதலில் நிறைவேற்றட்டும்.