துப்பும் உருவமும் கொக்கின் காலும்: ஆங்கிலக் குடும்பச் சொல் அட்டைகள்

என்னை வளர்த்தது பாட்டி. இதை அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் சொல்லப்போய், ‘ஐ வாஸ் க்ரோன் அப் பை மை கிராண்ட்மதர்’ என்று உளறிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கூடுதல் கூச்சம். அந்த வாரமே குடும்பம், பூர்வீகம், வளர்ந்த கதை என்று பிரித்துப் போட்டிருந்த இந்த அட்டைப் பெட்டியை வாங்கினேன். மூன்று வாரமாக ராத்திரி பத்து பத்து அட்டையாகப் புரட்டுகிறேன்.

என் உளறலுக்கு முதல் கட்டிலேயே விடை இருந்தது. தானாக வளர்ந்தால் ‘க்ரோ அப்’, இன்னொருவர் வளர்த்தால் ‘பிரிங் அப்’. அட சரி, வளர்ந்தேன், வளர்த்தாள்! பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்ததுதானே? இதை அட்டை சொல்லவில்லை. நானே பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘டேக் ஆஃப்டர்’ அட்டை. மகள் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று இதை வைத்துச் சொல்லலாம். அம்மா மகளைப் போல இருக்கிறாள் என்று திருப்பிப் போட முடியாது. குடும்பத்தில் மூத்தவர் பக்கம்தான் கை காட்ட வேண்டும். அகராதியில் ‘ஒத்திரு’ என்று மட்டும் பார்த்துவிட்டு இதை எத்தனை முறை தலைகீழாகச் சொன்னேனோ.

மரபுத்தொடர் கட்டுக்கு வந்தால் தமிழாக்கம் சொதப்பல். ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ என்பதற்குத் ‘துப்பும் உருவம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள்! ‘அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்’ என்று நாம் தினமும் சொல்வதை எழுத என்ன தயக்கம்? ‘பிளாக் ஷீப்’ அட்டையில் வெறும் ‘கறுப்பு ஆடு’. நம் செய்தித்தாளில் கறுப்பு ஆடு என்றால் கூடவே இருந்து காட்டிக்கொடுப்பவன். ஆங்கிலக் குடும்பத்தில் அது வீட்டுப் பெயரைக் கெடுத்த பிள்ளை, அல்லது மற்றவர்களோடு ஒட்டாத பிள்ளை. இரண்டும் ஒன்றில்லை.

உறவுமுறைக் கட்டில்தான் எனக்குக் கோபமே வந்தது. பெரியப்பா மகன் நமக்கு அண்ணன், மாமா மகன் மச்சான். ஆங்கிலத்தில் இருவரும் ‘கசின்’. அதுவரை சரி. ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ என்பதற்குத் ‘தூரத்து உறவு’ என்று போட்டிருப்பது தப்பு. அது தூரக் கணக்கே இல்லை, தலைமுறைக் கணக்கு. என் கசினின் பிள்ளையும், என் அப்பாவின் கசினும் எனக்கு ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’தான். இதைத் தாளில் கோடு போட்டுப் பார்த்துத் தெளிவதற்குள் ஒரு ராத்திரி போச்சு.

பூர்வீகக் கட்டு சின்னதுதான், ஆனால் அதில் ஒரு ரத்தினம்: ‘பெடிக்ரி’, அதாவது வம்சாவளி. பழைய பிரெஞ்சில் ‘கொக்கின் கால்’ என்ற சொற்றொடரிலிருந்து வந்ததாம். வம்சாவளிப் படத்தில் ஒரு பெயரிலிருந்து கீழே கிளை பிரியும் கோடுகள் கொக்கின் கால் தடம் மாதிரி இருக்கும் இல்லையா, அதனால். மூலையில் மூன்று விரலோடு குட்டியாக ஒரு படமும் உண்டு. இனி மறக்காது.

ஒலிப்பதிவில் குறையில்லை. ‘ஆன்செஸ்டர்’ (மூதாதை) என்பதில் முதல் அசைக்கும், ‘ஆன்செஸ்ட்ரல்’ (மூதாதையர் வழி வந்த) என்பதில் இரண்டாம் அசைக்கும் அழுத்தம் விழுவதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்கள். பெட்டிதான் மட்டம். மூடி இரண்டாம் வாரமே கிழிந்துவிட்டது, இப்போது ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.