மிஷன் ஈமெயிலை எல்லாம் புக்கா போட்டு குடுக்குற சர்வீஸ்: இங்கிலீஷ் மட்டும் எழுதுற வீடா இருந்தா தாராளமா வாங்கலாம்

கம்பெனி பேரு போடல. இங்க அமெரிக்கால யூட்டால இந்த வேலை பண்றவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, செய்யற விதமும் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால நீங்க யார்கிட்ட குடுத்தாலும் நான் சொல்ற ஒரு விஷயத்தை மட்டும் காசு கட்டறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. இங்க லீஹைன்ற ஊர் பக்கம் ஐடி வேலைக்கு வந்து அப்படியே தங்கிட்ட நம்ம ஆளுங்கள்ல பிள்ளைய மிஷன் அனுப்பறவங்க, அதாவது சர்ச் வேலையா மதத்தை பரப்ப அனுப்பறவங்க, கொஞ்சம் பேர்தான், இருந்தாலும் யாருக்காவது உதவும்.

விஷயம் தெரியாதவங்களுக்காக சொல்றேன். நாங்க சர்ச் ஆஃப் ஜீசஸ் கிரைஸ்ட் ஆஃப் லாட்டர்-டே செயின்ட்ஸ். மார்மன்னு சொன்னாத்தான் வெளிய இருக்கறவங்களுக்கு புரியும், ஆனா 2018ல அப்ப எங்க சர்ச் பிரசிடென்டா இருந்த ரசல் நெல்சன் முழுப் பேரையும் சொல்லிப் பழகுங்கன்னு சொல்லிட்டாரு, ஒரு தடவை முழுசா சொல்லிட்டேன், கடமை முடிஞ்சுது. பசங்க 18 வயசுல இருந்து மிஷன் போகலாம், ரெண்டு வருஷம். எந்த நாடுன்னு நாம கேக்க முடியாது, எங்க சர்ச் தலைமையகம் இருக்கற சால்ட் லேக் சிட்டில இருந்து என்ன வருதோ அதுதான். என் பையனுக்கு பிலிப்பைன்ஸ்னு வந்துச்சு, செபுவானோ பேசுற பக்கம். அது என்ன பாஷைன்னு அன்னிக்கு ராத்திரிதான் உக்காந்து தேடிப் பாத்தோம்.

ட்ரெயினிங்ல முதல் வாரம் வீட்டுல அவன் ரூம்லயே ஆன்லைன்ல, அப்புறம் ப்ரோவோன்ற ஊர்ல இருக்கற எம்டிசி, அதாவது மிஷனரிங்களுக்கான ட்ரெயினிங் சென்டர். எங்க வீட்டுல இருந்து 20 மைல்கூட கிடையாது. ஆனா போய் பாக்கக்கூடாது. நான் ஆரெம் போற வழியெல்லாம் அந்த எக்ஸிட் போர்டை பாத்துக்கிட்டே போவேன், எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாம ரேடியோவ சத்தமா வைப்பாரு.

பேசறது ஒண்ணும் முன்ன மாதிரி கஷ்டம் இல்ல. எங்க வார்டுல, அதாவது எங்க ஏரியா சர்ச் சபையில, ஒரு அம்மா, அவங்க பையன் தொண்ணூறுகள்ல மிஷன் போனவர், அப்பல்லாம் வருஷத்துக்கு ரெண்டே போன், கிறிஸ்துமஸ் ஒண்ணு மதர்ஸ் டே ஒண்ணு, மத்தபடி லெட்டர்தான். 2019 பிப்ரவரி 15 அன்னிக்குத்தான் வாராவாரம் வீட்டுக்கு போன், வீடியோ கால் எல்லாம் பண்ணிக்கலாம்னு மாத்தினாங்க, அதுவும் பி-டேல மட்டும், அதாவது துணி துவைக்க, முடி வெட்ட, கடைக்கு போகன்னு வாரத்துல விடற ஒரு நாள். அங்க அது திங்கக்கிழமை. அவனுக்கு திங்க காலைல 9 மணின்னா எங்களுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 7 மணி, குளிர்காலத்துல கடிகாரத்தை மாத்தினா 6 மணி. முதல் நவம்பர்ல இதை மறந்துட்டு நாங்க சர்ச்ல ஏதோ மீட்டிங்ல உக்காந்திருக்கோம், அவன் அங்க கம்பேனியனை, அதாவது கூடவே ஜோடியா போட்ட இன்னொரு மிஷனரியை, பக்கத்துல வெச்சுக்கிட்டு நாலு தடவை போன் அடிச்சிருக்கான். அன்னிக்கு எங்க மாமியார் என்னை பாத்த பார்வை இருக்கே!

போன் பேசி முடிச்சா போச்சு, கையில ஒண்ணும் நிக்காது. மிச்சம் நிக்கறது ஈமெயில்தான். அதுவும் மிஷன் அக்கவுண்ட்ல இருந்து வரது, திரும்பி வந்த கொஞ்ச நாள்ல அந்த அக்கவுண்ட் போயிடும்னு சொல்றாங்க, அதனாலதான் இந்த புக் சர்வீஸ் பக்கமே போனேன்.

வேலை செய்யற விதம் சிம்பிள். அவங்க ஒரு ஈமெயில் ஐடி குடுப்பாங்க, பையன் வாராவாரம் எல்லாருக்கும் அனுப்பற லிஸ்ட்ல அதையும் சேத்துடணும், அவ்வளவுதான், அது பாட்டுக்கு வாரம் வாரமா தேதி போட்டு அடுக்கிக்கும், வருஷம் முடிஞ்சா ஹார்ட்பௌண்ட் புக்கா பிரிண்ட் பண்ணி அனுப்பிடுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு வால்யூம். முதல் வால்யூம் ஷிப்பிங்கோட 130 டாலர் சொச்சம் ஆச்சு. ஏற்கனவே மாசம் 500 டாலர் மிஷனுக்கு கட்டறோம், 2020 ஜூலைக்கு முன்னாடி அது 400ஆ இருந்துச்சு, 24 மாசத்துக்கு கணக்கு போட்டா 12,000, அதுல இது என்னன்னு கட்டிட்டேன்.

நல்லது முதல்ல. பேப்பர் நல்ல தடிமன், தையல் பைண்டிங், நடுவுல பிரிச்சு வெச்சா பொத்துனு மூடிக்காது. தேதி ஒண்ணுகூட தப்பல. அட்டை எப்படி வேணும்னு மூணு டிசைன் காட்டி கேட்டாங்க, பொறுமையா பதில் சொன்னாங்க.

அட்டையில ஒரு கூத்து. மிஷனரி பசங்களுக்கு நேம் டேக்ல எல்டர்னு பட்டம் போட்டு கடைசிப் பேரைத்தான் போடுவாங்க. நம்ம வீட்டுல கடைசிப் பேர்னா அப்பா பேர்தானே. அந்த ஊர்ல என் பையனை தெருவுல போற குழந்தைங்க எல்லாம் எங்க வீட்டுக்காரர் பேர சொல்லித்தான் கூப்பிடுதாம். புக் அட்டையிலயும் தங்க எழுத்துல எல்டர்னு போட்டு கீழ அவர் பேரு. பார்சல பிரிச்சதும் அதை கையில வெச்சுக்கிட்டு ஏதோ அவரே ரெண்டு வருஷம் மழையில நடந்து எழுதின மாதிரி ஒரு முகம். இப்ப ஹால்ல வர்றவங்க கண்ணுல படற மாதிரி வெச்சிருக்காரு, கேட்டா லைட் நல்லா இருக்குன்றாரு.

போட்டோ விஷயத்துல உஷாரா இருங்க. ஈமெயில்ல அட்டாச் பண்ண போட்டோ மட்டும்தான் புக்குக்கு போகும். என் பையன் மத்த எல்லா பசங்களையும் போலவே ஆல்பம் லிங்க் ஒண்ணு போட்டுட்டு விட்டுடுவான், ஏன்னா அங்க நெட் அவ்வளவுதான், அடிக்கடி கரண்ட் வேற போகும், அதை அங்க ப்ரௌன்அவுட்னு சொல்வாங்களாம். முதல் ப்ரூஃப், அதாவது பிரிண்டுக்கு முன்னாடி சரிபாக்க அனுப்பற காப்பி, வந்தப்ப 52 வாரத்துக்கு மொத்தமே 11 போட்டோ. லிங்க்கை தொறந்து நானே ஒவ்வொண்ணா எறக்கி, எது எந்த வாரம்னு பாத்து ஏத்தினேன், ரெண்டு சனிக்கிழமை போச்சு. இதை விளம்பரத்துல எங்கயும் சொல்லல, கேள்வி பதில் பகுதியில கடைசியில ஒரு வரி இருந்துச்சு.

இனிமேதான் என் கோவத்துக்கு வரேன்.

இந்த வாராந்திர ஈமெயில் இருக்கே, அது கிட்டத்தட்ட 80 பேருக்கு போகுது. வார்டுல பாதி பேர், அவன் ஸ்கூல் பிரண்ட்ஸ், என் ஆபீஸ்ல ரெண்டு பேர், பிஷப் எல்லாரும் அதுல இருக்காங்க. அப்ப அவன் என்ன எழுதுவான்? வாரம் சூப்பரா போச்சு, இவங்கள பாத்தோம், அவங்க சர்ச்சுக்கு வந்தாங்க, மழை பேஞ்சுது ஆனாலும் சந்தோஷமா இருக்கோம். எல்லா மிஷனரி ஈமெயிலும் அப்படித்தான் இருக்கும், நானும் நிறைய படிச்சிருக்கேன், ஆச்சரியக்குறிக்கு பஞ்சமே இருக்காது. ஆனா நாலாவது மாசத்துல இருந்து அந்த ஈமெயிலோட அடியில தமிழ்ல நாலு வரி வர ஆரம்பிச்சுது. எனக்கு நம்ப முடியல. சின்ன வயசுல சனிக்கிழமை தமிழ் கிளாஸுக்கு அழுதுக்கிட்டே போனவன், ரெண்டாம் புக்கோட நிறுத்திட்டான், வீட்டுல நாங்க தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்லதான் பதில் வரும். அங்க போயி செபுவானோல எழுதவும் பேசவும் கத்துக்கும்போது கம்பேனியன் ஒரு நாள் உன் பாஷையில உன் பேர எழுதிக் காட்டுன்னு கேட்டிருக்கான், இவனுக்கு ரெண்டாவது எழுத்துலயே நின்னு போச்சாம். வெட்கமா போயி போன்ல தமிழ் கீபோர்டை போட்டுக்கிட்டு எழுத ஆரம்பிச்சிட்டான்.

அந்த நாலு வரியிலதான் உண்மை இருக்கும். மேல இங்கிலீஷ்ல சூப்பர் வாரம், கீழ தமிழ்ல 'ஷூ மூனு நாலா காயல, காலு அரிகுது'. மேல நிறைய பேரோட நல்லா பேசினோம்னு இருக்கும், கீழ 'ஒரு தாதா கதவ சாத்திட்டார், கம்பேனியன் பேசவே மாட்றான், அடுத்த டிரான்ஸ்பர்க்கு இன்னும் 4 வாரம்'. டிரான்ஸ்பர்னா ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ஆளையோ ஏரியாவையோ மாத்துவாங்க, பிடிக்காத ஜோடியா இருந்தா அந்த ஆறு வாரமும் ஒரே ரூம், 24 மணி நேரமும் கூடவே இருக்கணும், நெனச்சு பாருங்க. ஒரு வாரம் ஒரே ஒரு வரி, 'நேத்து அழுதேன் இப்ப ஓகே'. 80 பேருக்கு போற ஈமெயில்ல எல்லார் கண்ணு முன்னாடியும் வெச்சு எங்களுக்கு மட்டும் சொல்றான். ஞாயித்துக்கிழமை கால்லகூட இதை சொல்ல மாட்டான், கம்பேனியன் பக்கத்துலயே உக்காந்திருப்பான்ல.

இப்ப ப்ரூஃப்புக்கு வாங்க. தமிழ் இருந்த இடம் எல்லாம் கட்டம். வெறும் கட்டம், வரிசையா, நாலு வரிக்கு நாலு வரி. நேத்து அழுதேன்னு அவன் எழுதின இடத்துல காலி டப்பா மாதிரி குட்டி குட்டியா சதுரம்.

கம்ப்ளைன்ட் பண்ணேன். பத்து நாள் கழிச்சு புது ப்ரூஃப், ஃபான்ட் சேத்துட்டோம்னு சொன்னாங்க. எழுத்து வந்துச்சு, உண்மைதான், ஆனா கொம்பு தனியா நிக்குது, கால் வேற பக்கம் போயிடுச்சு, புள்ளி எல்லாம் காணோம், மெய்யெழுத்தே இல்லாத தமிழ். எங்க மாமியாருக்கு அதை காட்டினேன், இது மலையாளமாம்மான்னு கேட்டாங்க. மறுபடி சாட்ல போயி கேட்டா அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா, 'அந்தப் பகுதியை மட்டும் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து அனுப்பினீங்கன்னா அழகா சேத்துடலாம்'னு சொல்லுது. அது மேல தப்பு இல்ல, பாவம். ஆனா இங்கிலீஷ்ல சொல்லக்கூடாதுன்னுதான்மா அவன் தமிழ்ல எழுதினான்னு அதுக்கு எப்படி புரிய வைக்கறது, நான் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு எந்திரிச்சிட்டேன்.

வழி கடைசியில என் பொண்ணு கண்டுபிடிச்சா. போன்ல ஈமெயிலை தொறந்து தமிழ் வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதை போட்டோவா அந்தந்த வாரத்துல ஏத்திட்டா. போட்டோவுக்கு ஃபான்ட் பிரச்சனை ஏது. எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கும், பெருசா போட்டா ஓரம் பிசிறும், ஆனா அவன் தட்டினது தட்டினபடி நிக்கும். 30க்கு மேல ஸ்க்ரீன்ஷாட், பக்கம் கூடினதுனால 18 டாலர் எக்ஸ்ட்ரா போட்டாங்க, அதையாவது தள்ளுபடி பண்ணுங்கன்னு கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. எல்லாத்தையும் போடல. நேத்து அழுதேன் வாரத்தை போடலாமா வேணாமான்னு வீட்டுல சண்டை. எங்க வீட்டுக்காரர் வேணாம்னாரு, புக் ஹால்ல இருக்கும் யாராவது படிப்பாங்கன்னு. யாருக்கு இங்க தமிழ் தெரியும்னு நான் கேட்டேன். போட்டாச்சு.

ஸ்பெல்லிங்கை திருத்தலாமான்னு பொண்ணு கேட்டா, அதுக்கும் வேணாம்னுட்டேன். அவன் பாட்டிக்குன்னு தனியா எழுதின முதல் வரியே 'அன்புள்ள பாடி'. ட் ஒண்ணு விட்டுப்போச்சு. படிச்சு காட்டினப்ப எங்க மாமியார், நான் உயிரோட இருக்கும்போதே பாடியா ஆக்கிட்டானேன்னு சிரிச்ச சிரிப்பு இருக்கே, இருமல் வந்து தண்ணி குடிக்க வேண்டியதா போச்சு. அவங்க சர்ச்சுல சேரல, மிஷன் எல்லாம் அவங்களுக்கு ஏதோ ஹாஸ்டல் மாதிரி, எப்ப லீவு விடுவாங்கன்னு வாராவாரம் கேப்பாங்க. அவன் ஒவ்வொரு ஈமெயிலையும் 'அம்பிங்'னு முடிப்பான், செபுவானோல பத்திரமா இருங்கன்னு அர்த்தம். ரொம்ப நாள் அம்பிங்னா கூட தங்கியிருக்கற பையன் பேருன்னு நெனச்சுக்கிட்டு, அம்பிங் நல்லா இருக்கானான்னு கால்ல விசாரிச்சாங்க. அவனும் நல்லா இருக்கான் பாட்டின்னு சொல்லிட்டான்.

பார்சல் அனுப்பறதை பத்தி தனியா எழுதணும், இங்க வேணாம். கத்தோலிக்க நாடுன்னா பெட்டி மேல மாதா படம் ஒட்டினா நடுவுல யாரும் பிரிக்க மாட்டாங்கன்னு மிஷனரி அம்மாங்க நடுவுல ஒரு நம்பிக்கை, நாங்களும் ஒட்டினோம், பெட்டி ஏழு வாரம் கழிச்சு போய் சேந்துச்சு, மாதா மட்டும் உரிஞ்சு போயிருந்தாங்களாம்.

மொத்தத்துல அஞ்சுக்கு மூணு. பைண்டிங்குக்கும் பொறுமைக்கும் மூணு. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி தமிழ்ல ரெண்டு வரி, அதுல கொம்பு, கால், புள்ளி மூணும் வர மாதிரி டைப் பண்ணி அனுப்பி, ஒரு பக்கம் ப்ரூஃப் கேளுங்க, குடுக்கலைன்னா காசு கட்டாதீங்க. ரெண்டாவது வால்யூமுக்கு நான் இன்னும் கட்டல. அவன் வர இன்னும் ஏழு மாசம் இருக்கு, வாராவாரம் வந்ததும் பொண்ணு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு வெக்கறா. போன வாரம் 'பாட்டி' சரியா எழுதியிருந்தான். மாமியாருக்கு அது அவ்வளவா பிடிக்கல.